தோல்வியை அறிந்த வெற்றி வீரர்: மேஜர் தியான் சந்த்

ஹாக்கி ரசிகர்கள் நால்வர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கணக்கில்தான் போய் முடியும். எந்த நாடு தொடர்ந்து எத்தனை ஆட்டங்களில் வென்றது, எந்தக் கோஷ்டியின் சாதனை பெரிது என்ற வழக்கு எழுந்துவிட்டால், இலையில் சோறு ஆறிப்போவதுகூட ஒருவருக்கும் தெரிவதில்லை. நம் விடுதிகளும் இதற்கு விலக்கல்ல.

நம் நாட்டுக்காக வாதாடுவோர் ஒரு பெரிய எண்ணை எடுத்து முன்னே வைப்பர். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி, 1960-இல் ரோமாபுரியில் நடந்த இறுதியாட்டத்திற்கு முந்திய ஆட்டம் வரையில், ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா ஆடிய ஆட்டங்கள் 30. முப்பதிலும் வெற்றி. இடையிலே பெற்ற தங்கப் பதக்கங்கள் 6. இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர்கள் கேள்வி.

எதிர்க்கட்சியார் விடமாட்டார்கள். ஹாக்கி ஆடிய நாடுகளே அன்று எத்தனை என்று கேட்பர். 1932-இல் மூன்றே நாடுகள்தாம் வந்தன. பலம் மிக்க பிரிட்டனோ 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் ஹாக்கியில் கலந்துகொள்ளவே இல்லை என்பர். மூன்றாம் கட்சியார் ஒருவர் இருப்பார். அவர் பணத்தைப் பற்றிப் பேசுவார். பெரிய நகரமும் பெரிய கூட்டமும் பெரிய வசூலும் உள்ள இடத்தில்தான் விளையாட்டு வளரும், சந்தை இல்லாத சிற்றூரிலிருந்து என்ன வந்துவிடும் என்பது அவர் முடிபு.

இம்மூன்று கட்சிகளையும் உரைத்துப் பார்க்க ஒரே ஒருவருடைய வாழ்க்கை போதும். அவர்தாம் மேஜர் தியான் சந்த். அந்த முப்பது வெற்றிகளில் முதற் பன்னிரண்டும் அவர் காலத்தவை. கணக்கில் ஏறாத தோல்விகளும், கணக்கில் ஏறாத வறுமையும் அவர் வாழ்க்கையில் உண்டு. அவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண் நமக்கு விளங்கும்.

பட்டாளத்துப் பிள்ளை

தியான் சந்த் 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். தந்தையார் சமேஷ்வர் சிங் பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தில் பணியாற்றியவர். அவரும் ஹாக்கி ஆடியவரே. பட்டாளத்துக்காரன் குடும்பம் ஓரூரில் வேர் விடுவதில்லை. ஊர் ஊராக மாறி, கடைசியில் ஜான்சியில் அவர்களுக்கு ஒரு வீடு அமைந்தது. இந்த மாறுதல்களுக்கிடையே பிள்ளையின் படிப்பு ஆறாண்டுகளோடு நின்றது. இளமையில் அவருக்கு ஹாக்கியில் அத்துணை நாட்டம் இருந்ததில்லை, மல்யுத்தத்தில்தான் ஆசை.

1922-இல், மீசை அரும்பும் பருவத்தில், டில்லியில் முதலாவது பிராமணர் ரெஜிமெண்டில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கே சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர் ஹாக்கிப் பித்தர். அவர்தாம் இந்தச் சிப்பாயின் கையில் மட்டையைக் கொடுத்து முதற் பாடம் சொன்னவர். பகலெல்லாம் பட்டாள வேலை. பயிற்சிக்குக் கிடைத்தது இரவு. நிலவு எழும்வரை காத்திருந்து ஆடியதால் நண்பர்கள் அவர் பெயரோடு சந்த், அதாவது நிலவு, என்பதைச் சேர்த்தனர் என்று வழங்குவர். மின்விளக்கு மைதானமும் சம்பளப் பயிற்சியாளரும் அவருக்கு வாய்க்கவில்லை. ஓர் ஆசிரியரும் ஒரு திறந்த வெளியும் இருந்தன; அவ்வளவே.

1926-இல் இந்தியப் பட்டாளத்துக் கோஷ்டி நியூஸிலாந்து சென்றது. அதில் ஓர் இடம் அவருக்குக் கிடைத்தது. ஆடியவை 21 ஆட்டங்கள்; வென்றவை 18; சமமாக முடிந்தவை 2; தோற்றது 1. அடித்த கோல்கள் 192. அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை இந்தச் சிப்பாயின் மட்டையிலிருந்து வந்தவை. திரும்பி வந்தபின், 1927-இல், லான்ஸ் நாயக் ஆனார். நூறு கோலுக்குக் கிடைத்த பரிசு சட்டைக் கையில் ஒரு பட்டை!

மூவர் வழியனுப்பிய கப்பல்

இந்திய ஹாக்கிச் சம்மேளனம் 1925-இல் குவாலியரில் தோன்றியது. மூன்றாண்டுக் குழந்தையான அந்தச் சங்கம் 1928-இல் ஒலிம்பிக்குக்குக் கோஷ்டி அனுப்பத் துணிந்தது. ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பதற்காகக் கல்கத்தாவில் மாகாணங்களுக்கிடையே போட்டி நடந்தது. தியான் சந்த் பட்டாளத்தில் விடுப்புப் பெற்று ஐக்கிய மாகாணத்திற்காக ஆடினார், அம்மாகாணமே வென்றது.

ஆள் கிடைத்தார்கள்; பணம் கிடைக்கவில்லை. இரண்டு ஆட்டக்காரரை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான் என்னும் நிலை வந்தது. வங்காளத்தார் செய்த பொருளுதவியால் அவ்விருவரும் கப்பலேற முடிந்தது. மார்ச்சு மாதம் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டபோது வழியனுப்ப வந்தவர் மூன்றே பேர். சங்கத்தின் தலைவர், துணைத் தலைவர், ஒரு பத்திரிகையாளர். வேறு ஒருவரும் இல்லை.

ஆம்ஸ்டர்டாமில் ஒன்பது நாடுகள் போட்டியிட்டன. ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், ஸ்விட்ஸர்லாந்து ஆகிய நான்கும் வரிசையாக வீழ்ந்தன. இறுதியாட்டம் மே 26-ஆம் நாள், ஹாலந்து நாட்டின் சொந்த மண்ணில், அந்நாட்டோடு. அன்று நம்மவரில் சிலர் நோயுற்றுக் கிடந்தனர். தியான் சந்தும் உடல்நலம் குன்றிய நிலையில்தான் களம் இறங்கினார். வெற்றி 3-0. ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்த கோல்கள் 29. வாங்கியது ஒன்றும் இல்லை. தியான் சந்த் மட்டும் 14 கோல் அடித்தார்.

கோஷ்டி பம்பாய்க்குத் திரும்பியபோது துறைமுகத்தில் பெருங்கூட்டம் திரண்டு நின்றது. போனபோது வராத கூட்டம் வந்தபோது வந்தது. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தியான் சந்தின் வாழ்க்கையில் இது திரும்பத் திரும்ப வரும்.

கடன் வாங்கி வென்ற பதக்கம்

1932-இல் ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில். உலகெங்கும் பொருளாதார மந்தம். கடல் கடந்து அவ்வளவு தூரம் செல்லப் பல நாடுகளுக்கு வசதியில்லை. இந்தியா மட்டும் வசதியாகவா இருந்தது? தியான் சந்தின் தம்பி ரூப் சிங்கும் கோஷ்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உடுத்திக்கொள்ளத் தக்க உடை இல்லையென்று அவர் போக மறுத்தார். தமையனார் தம் கைப்பணத்தில் துணி எடுத்துத் தைத்துக் கொடுத்துத் தம்பியை அழைத்துச் சென்றார்.

ஜப்பானை 11-1 என்றும், அமெரிக்காவை 24-1 என்றும் வென்றனர். அமெரிக்காவுக்கு எதிராக ரூப் சிங் 10 கோலும், தியான் சந்த் 8 கோலும் அடித்தனர். இங்கே எதிர்க்கட்சியாரின் வாதத்தை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வந்தவை மூன்று நாடுகள். இரண்டு ஆட்டத்திலும் தோற்ற அமெரிக்காவுக்கும் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. 24 என்னும் எண்ணை மட்டும் காட்டி மார்தட்டுவது நியாயமாகாது.

ஆயினும் அந்த ஆண்டின் முழுக் கதை அந்த இரண்டு ஆட்டங்களில் இல்லை. பிரயாணச் செலவுக்கு வழி தேட, போகும்போதும் வரும்போதும் கோஷ்டி பல நாடுகளில் காட்சி ஆட்டங்கள் ஆடியது. மொத்தம் 37 ஆட்டங்கள், வென்றவை 34, சமமானவை 2, நடுவில் நின்றது 1. அடித்த 338 கோல்களில் தியான் சந்தின் பங்கு 133. ஒரு நாள் ஆட்டம், மறுநாள் பிரயாணம், அதற்கு மறுநாள் மீண்டும் ஆட்டம். வசூலுக்காக ஆடிய அந்த ஆட்டங்கள் ஒலிம்பிக் ஏட்டில் இல்லை. அவை இல்லாமல் அந்தக் கணக்கு நேராகியும் இராது.

கல்கத்தாவும் ஜான்சியும்

சந்தையைப் பற்றிப் பேசுவோருக்கு விடை சொல்லும் ஆண்டு 1933. அந்நாளில் ஹாக்கிக்குத் தலைநகரம் கல்கத்தா. அங்கே 1895-இலிருந்து நடந்து வந்த பெய்டன் கோப்பைப் போட்டிக்கு நாடெங்கும் மதிப்பு. கல்கத்தா கஸ்டம்ஸ் கோஷ்டியில் ஒலிம்பிக் வீரர்கள் இருந்தார்கள். வேலையும் சம்பளமும் ஆட்டக்காரரை அங்கே இழுத்தன.

ஜான்சியில் என்ன இருந்தது? ஒரு ரெயில்வே, ஒரு பட்டாள முகாம், புழுதி மைதானம். தியான் சந்த் தம் ஊர்ப் பிள்ளைகளைத் திரட்டி ஜான்சி ஹீரோஸ் என்னும் கோஷ்டியை அமைத்திருந்தார். தாமும் தம்பி ரூப் சிங்கும், ரெயில்வேயில் வேலை பார்த்த இஸ்மாயில் என்னும் வேகக்காரரும் தவிர மற்றவர் பெயர் வெளியூரில் எவருக்கும் தெரியாது. இந்தக் கோஷ்டி பெய்டன் கோப்பையின் இறுதியாட்டத்தில் கஸ்டம்ஸை எதிர்த்து நின்றது.

ஆட்டம் முழுவதும் கஸ்டம்ஸின் கையே மேலோங்கியிருந்தது. ஜான்சிக் கோல் எந்த நேரத்திலும் விழலாம் என்ற நிலை. அப்போது நடுக்களத்தில் பந்தைப் பெற்ற தியான் சந்த், எதிரிகளின் இடைவெளி பார்த்து நீண்ட பாஸ் ஒன்றை இஸ்மாயிலுக்கு அனுப்பினார். இஸ்மாயில் பாதி மைதானத்தை ஒரே ஓட்டமாக ஓடிக் கடந்து கோல் அடித்தார். அந்த ஒரு கோலே ஜான்சிக்குக் கோப்பையைத் தந்தது.

மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர் தம் வாழ்நாளில் ஆடிய சிறந்த ஆட்டமாகக் குறித்து வைத்தது இதைத்தான். அதில் கோல் அடித்தவர் அவரல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும். பெரிய நகரத்தின் சந்தைக்கு எதிரே சிற்றூரின் மைதானம் நின்ற ஆட்டம் அது. சந்தை ஆட்டக்காரரை விலைக்கு வாங்கலாம். ஆட்டக்காரரை உண்டாக்குவது மைதானமே.

பெர்லினில் கற்ற பாடம்

1935-இல் அவர் தலைமையில் ஒரு கோஷ்டி மீண்டும் நியூஸிலாந்து சென்றது. ஆஸ்திரேலியாவிலும் இலங்கையிலும் ஆடிய ஆட்டங்களையும் சேர்த்து மொத்தம் 48. நாற்பத்தெட்டிலும் வெற்றி! அடித்தவை 584, வாங்கியவை 40, தியான் சந்த் அடித்தவை 201. தொடர் வெற்றிக்கு இதைவிடப் பெரிய எண் வேண்டுமா?

அடுத்த ஆண்டே அந்த எண்ணின் மயக்கம் தெளிந்தது. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்குக்கும் அவரே தலைவர். போட்டி தொடங்குமுன், ஜூலை 17-ஆம் நாள், ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம். முடிவு 4-1; தோற்றது இந்தியா. உயிருள்ள வரையில் இந்தத் தோல்வியை மறக்க இயலாது என்ற கருத்தில் அவர் பின்னாளில் எழுதினார். தம் கோஷ்டி குறைபட்டதென்பதை மறைக்க அவர் முயலவில்லை. தாயகத்திற்குத் தந்தி பறந்தது. தாரா என்னும் ஆட்டக்காரர் விமானத்தில் புறப்பட்டு, அரையிறுதி ஆட்டத்திற்கு வந்து சேர்ந்தார்.

ஹங்கேரி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்சு ஆகிய நான்கையும் ஒரு கோல்கூட வாங்காமல் வென்றனர். இறுதியாட்டத்தில் எதிரே நின்றது அதே ஜெர்மனி. முந்திய நாள் மழை பெய்ததால் ஆட்டம் ஆகஸ்டு 15-ஆம் நாளுக்குத் தள்ளி வைக்கப்பட்டது. பழைய தோல்வியின் நினைவு எல்லோர் நெஞ்சையும் அழுத்தியது. உடை மாற்றும் அறையில் மூவர்ணக் கொடியை வெளியே எடுத்தனர். அதை வணங்கிவிட்டு மைதானத்தில் இறங்கினர். நாடு விடுதலை பெற இன்னும் பதினோராண்டு இருந்த காலம் அது. பிரிட்டிஷ் பட்டாளத்துச் சம்பளம் வாங்கும் ஒருவர் தலைவராக நின்ற கோஷ்டி அது.

முற்பாதியில் ஒரே கோல். ஈரத்தரையில் காலணி வழுக்கியது. பிற்பாதியில் தியான் சந்த் ஆணிவைத்த காலணியைக் கழற்றிவிட்டு ஆடினார். அதன்பின் ஜெர்மானியரால் அவரைத் தொடர முடியவில்லை. முடிவு 8-1. அந்த ஒலிம்பிக் முழுவதிலும் இந்தியா அடித்தது 38. வாங்கியது அந்த ஒன்றே.

முப்பது வெற்றிகளின் பட்டியலில் இந்த 8-1 இருக்கிறது. ஜூலை மாதத்து 4-1 இல்லை. பயிற்சி ஆட்டம் கணக்கில் சேராதுதான். ஆனால் அந்தத் தோல்வி இல்லாதிருந்தால் தந்தி போயிருக்காது, தாரா வந்திருக்கமாட்டார், பதக்கமும் ஐயத்திற்குரியதே. தொடர் வெற்றி என்பது தோல்வியே அறியாதவர் கட்டும் கோட்டை என்று நாம் எண்ணுகிறோம். தோற்ற அன்றே திருந்தியவர்கள் கட்டியது அது.

வழக்கின் தீர்ப்பு

மூன்று ஒலிம்பிக்குகளில் தியான் சந்த் ஆடிய 12 ஆட்டங்களில் இந்தியா அடித்தது 102, வாங்கியது 3. அவர் அடித்தவை மட்டும் 35-க்கு மேல். பிறகு உலகப்போர் வந்து 1940, 1944 ஒலிம்பிக்குகளை விழுங்கியது.

பிரிட்டன் வராததால்தான் வென்றார்கள் என்ற வாதத்திற்கு 1948-இல் விடை கிடைத்தது. லண்டன் மாநகரில், அவர்களுடைய வெம்பிளி மைதானத்தில், விடுதலை பெற்ற இந்தியா இறுதியாட்டத்தில் பிரிட்டனை 4-0 என்று வென்றது. அந்தக் கோஷ்டியில் தியான் சந்த் இல்லை. அவர் போட்ட பாதையில் அடுத்த தலைமுறை நடந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெர்லினுக்கு விமானத்தில் பறந்து வந்த தாரா 1948-இல் பாகிஸ்தான் கோஷ்டியின் தலைவர். பிரிவினைக்கு முந்திய வெற்றிகளில் இரு நாட்டாருக்கும் பங்கு உண்டு. 1960-இல் ரோமாபுரியில் 1-0 என்று வென்று நம் வரிசையை அறுத்தது அந்தப் பாகிஸ்தானே என்பது வரலாற்றின் விந்தை. ஒரே மரத்தின் இரு கிளைகள் மோதிக்கொண்டபோதுதான் அந்தக் கணக்கு நின்றது.

கைதட்டல் ஓய்ந்தபின்

1947-48-இல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. தியான் சந்த் வந்தால்தான் கோஷ்டி வரலாம் என்ற நிபந்தனையோடு. அப்போது அவருக்கு வயது 42. போனார்; 22 ஆட்டங்களில் 61 கோல் அடித்தார். சந்தையே இல்லாத ஊரில் பிறந்தவரின் பெயரே ஒரு சந்தையாகிவிட்டது. ஆனால் அந்தச் சந்தையின் செல்வம் அவர் வீட்டுக்கு வரவில்லை.

1952-இல் அவருடைய தன்வரலாறு ‘கோல்’ வெளிவந்தது. அதை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம் என்னும் விளையாட்டுப் பத்திரிகை என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி. 1956-இல் மேஜர் பதவியில் ஓய்வு பெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் வந்தது. பின்னர்ப் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் ஹாக்கி ஆசிரியராக இருந்தார். அவர் மைந்தர் அசோக் குமார் 1975-இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை எதிர்த்து அடித்த கோலினால் இந்தியா உலகக் கோப்பை வென்றது.

மறு ஆண்டே மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் புல்தரைக்குப் பதில் செயற்கைத் தரை வந்தது. இந்தியாவுக்குக் கிடைத்தது ஏழாம் இடம். புழுதியிலும் புல்லிலும் வளர்ந்த ஆட்டத்திற்குப் பெரும்பொருள் செலவாகும் தரை தேவைப்பட்டபோது, பணத்தைப் பற்றிப் பேசிய மூன்றாம் கட்சியார் சொல்லிலும் ஒரு பாதி உண்மை உண்டு என்று தெரிந்தது. சந்தை வீரனை உண்டாக்குவதில்லை. ஆனால் தரையும் தளவாடமும் கிடைக்காத பிள்ளையிடம் வீரத்தை மட்டும் எதிர்பார்ப்பதும் அறமன்று.

தியான் சந்தின் இறுதி நாட்கள் பொருள் முடையில் கழிந்தன. 1979-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் டில்லியில் மருத்துவமனை ஒன்றின் பொது வார்டில் அவர் உயிர் பிரிந்தது. ஜான்சிக்குக் கொண்டுவந்து, அவர் ஆடிய ஜான்சி ஹீரோஸ் மைதானத்திலேயே தகனம் செய்தனர். கப்பல் புறப்பட்டபோது மூவர். கப்பல் திரும்பியபோது ஆயிரக்கணக்கானவர். நோயுற்றுக் கிடந்தபோது வந்தவர் சிலர். மறைந்தபின் பாராட்டியவர் கோடி. 2012 முதல் அவர் பிறந்த நாள் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2021-இல் நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதுக்கும் அவர் பெயர் சூட்டினர்.

மாணவ நண்பர்களே! எந்தச் சாதனை பெரிது என்ற வழக்கை நிறுத்திவிடும்படி நான் சொல்லவில்லை. அந்த வழக்கில்தான் விளையாட்டின் பாதி இன்பம் இருக்கிறது. ஆனால் எண்ணைச் சொல்லும்போது அதன் விலையையும் சொல்லுங்கள். முப்பது வெற்றி என்று பேசும்போது, தம்பிக்குத் தமையன் தைத்துக் கொடுத்த உடையையும், ஜூலை மாதத்து 4-1-ஐயும் சேர்த்துப் பேசுங்கள். இன்றும் ஏதோ ஒரு சிற்றூர்ப் புழுதி மைதானத்தில், நம் பல்கலைக்கழக மைதானத்தின் ஒரு மூலையிலும்கூட, பார்ப்பதற்கு மூவர்கூட இல்லாமல் ஒரு கோஷ்டி பயிற்சி செய்துகொண்டிருக்கும். அவர்கள் வெல்லத் தொடங்கும்வரை காத்திராமல், ஒரு மாலைப் பொழுது அங்கே போய் நில்லுங்கள். தியான் சந்துக்குச் சூட்டப்பட்ட மாலைகளெல்லாம் பின்னால் வந்தவை. அவருக்கு முதலில் வேண்டியிருந்தது வழியனுப்ப ஒரு கூட்டம்.